சொன்ன உடனே கேட்காத கப்பல்: சிமுலேட்டர் கட்டுகிறவனின் கடல் நாட்குறிப்பு

நாள் 1

மாலையில் கப்பலில் ஏறிவிட்டேன். பல்க் கேரியர், அதாவது சரக்கை மூட்டை கட்டாமல் அப்படியே கொட்டி ஏற்றும் கப்பல். 229 மீட்டர் நீளம், 32 மீட்டர் அகலம். ஏழு சரக்கு அறைகளிலும் நிலக்கரி நிரம்பி, 14 மீட்டருக்கு மேல் தண்ணீருக்குள் அமிழ்ந்து நிற்கிறது. கரையில் நின்று பார்த்தபோது அசைகிற பொருளாகவே தெரியவில்லை.

மாலுமிகளுக்குப் பயிற்சி தரும் கப்பல் சிமுலேட்டர்களைக் கட்டுகிற குழுவில் 12 வருடமாக இருக்கிறேன். கப்பல் எப்படி நகரும், எப்படித் திரும்பும், எப்படி நிற்கும் என்பதைக் கணக்காக எழுதுவது என் பங்கு. இதே வகை, இதே அளவுக் கப்பல் ஒன்று எங்கள் சிமுலேட்டரில் ஏற்கெனவே ஓடுகிறது. அப்புறம் எதற்கு இந்தப் பயணம் என்றால், மூத்த கேப்டன் ஒருவர் சொன்ன ஒரு வாக்கியத்துக்காக.

பயிற்சி மையம் ஒன்றில் பாடம் எடுப்பவர் அவர். எங்கள் சிமுலேட்டரை அரை நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லா இருக்கு தம்பி. ஆனா உங்க கப்பல் சொன்ன பேச்சை ரொம்பச் சீக்கிரம் கேட்குது. நான் ஓட்டின எந்தக் கப்பலும் அப்படிக் கேட்டதில்லை" என்றார். சோதனை ஓட்டத்தின் எண்களை எடுத்துக் காட்டினேன். கப்பல் திரும்பும் வட்டத்தின் விட்டம், நிற்கும் தூரம், எல்லாம் பொருந்தியிருந்தன. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "காகிதத்துல பொருந்துது, சரி" என்றார். அன்று இரவு தூக்கம் வரவில்லை. எங்களிடம் பழகும் பையன் நாளை நிஜக் கப்பலில் நிற்பான். அங்கே கப்பல் எவ்வளவு நேரத்தில் திரும்பும் என்ற எதிர்பார்ப்பை அவனுக்குள் போட்டு அனுப்பியது நாங்கள்தான். அது தப்பென்றால், தப்பை அவ்வளவு செலவு செய்து சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

கொண்டுவந்தவை: இரண்டு ஜிபிஎஸ் கருவிகள், ஒரு கைரோ சென்சார், மூன்று மைக்ரோஃபோன், கேமரா, நிறுத்து கடிகாரம், ஐந்து நோட்டு. கடல் வரைபடம் விரிக்கும் சார்ட் மேசையின் பள்ளத்தில் ஒரு பென்சில் கிடந்தது. அதை எடுத்துத்தான் முதல் பக்கத்தை எழுதினேன்.

நாள் 2

புறப்பாடு. கிளம்புவதற்கு முந்தைய 12 மணி நேரத்துக்குள் சுக்கானைச் சோதித்தாக வேண்டும் என்பது சோலாஸ் என்ற சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் விதி. தேர்ட் ஆபீசர் சோதனை செய்தபோது கடிகாரத்தோடு பக்கத்தில் நின்றேன். ஒரு பக்கம் 35 டிகிரியிலிருந்து மறுபக்கம் 30 டிகிரிக்கு 28 விநாடிக்குள் சுக்கான் போய்ச் சேர வேண்டும். சுக்கானைத் திருப்பும் பம்ப் ஒன்றை மட்டும் ஓட்டியபோது 26 விநாடி ஆனது. இரண்டு பம்ப்பையும் போட்டதும் 13.

அங்கேயே நோட்டில் கோடு போட்டு வைத்தேன். எங்கள் கணக்கில் சுக்கான் எப்போதும் இரண்டு பம்ப் வேகத்தில்தான் திரும்புகிறது. துறைமுகத்துக்குள்ளும் கால்வாயிலும் அது சரி, அங்கே இரண்டையும் ஓட்டுவார்கள். நடுக்கடலில் பெரும்பாலும் ஒன்றுதான். அப்படியானால் நடுக்கடல் பாடங்களில் நாங்கள் ஒவ்வொரு முறையும் சில விநாடிகளை இனாமாகக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

துறைமுகத்துக்குள் வழிகாட்டும் பைலட் ஏறினார். இழுவைப் படகுகள் இழுத்து விட்டபின், ஆறு நாட் (மணிக்கு ஆறு கடல் மைல்) வேகத்தில் கால்வாய்க்குள் போகும்போது ஒரு திருப்பம் வந்தது. பைலட், "ஸ்டார்போர்ட் ட்வென்டி" என்றார், அதாவது சுக்கானை வலப்பக்கம் 20 டிகிரி திருப்பு. சுக்கான் பிடித்தவர் அதைத் திருப்பிச் சொன்னார். சக்கரத்தைத் திருப்பினார். மேலே இருக்கும் முள் மெதுவாக 20-ஐத் தொட்டது. "ஸ்டார்போர்ட் ட்வென்டி, சார்" என்று மறுபடி சொன்னார். பைலட் "தேங்க் யூ" என்றார். அதுவரை அணியம், அதாவது கப்பலின் மூக்கு, கரையிலிருந்த கம்பத்துக்கு நேராக அப்படியே நின்றது. பிறகு, கண் ஏமாற்றுகிறதோ என்று தோன்றுகிற அளவில், அந்தக் கம்பத்தை விட்டு ஒரு மயிரிழை விலகியது. வார்த்தை வாயை விட்டதிலிருந்து அதுவரை 27 விநாடி.

எங்கள் சிமுலேட்டர் அறையில் பெரும்பாலும் பயிற்சி பெறுபவரே சக்கரத்தையும் பிடிக்கிறார். மனதில் நினைத்ததும் கை திரும்பிவிடுகிறது. சொல்வது, திருப்பிச் சொல்வது, செய்வது, செய்ததைச் சொல்வது என்ற சங்கிலி முழுவதும் அங்கே காணாமல் போகிறது. இது கணக்கில் உள்ள குறை இல்லை. அறையை எத்தனை பேருக்காகக் கட்டினோம் என்பதில் உள்ள குறை.

நாள் 3

ஒரு ஜிபிஎஸ்ஸை அணியத்தில் கட்டினேன், இன்னொன்றைக் கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜுக்கு மேலே. நடுவில் 200 மீட்டர் தளம். நான்கு முறை நடந்து கால் வலி. இரண்டு முனைகளும் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தால் கப்பல் எந்தப் புள்ளியை மையமாக வைத்துத் திரும்புகிறது என்பதைக் கண்டுபிடித்துவிடலாம். கடல் அமைதி. சீக்கிரம் படுத்துவிட்டேன்.

நாள் 4

இந்தப் பயணத்தில் நான் காத்திருந்த நாள். கப்பல் கம்பெனி முன்பே எழுத்தில் அனுமதி கொடுத்திருந்தது. ஆழமான கடல், லேசான காற்று, பத்து மைல் சுற்றளவில் வேறு கப்பல் இல்லை. கேப்டன் ரேடாரை ஒரு முறை, கடலை இரண்டு முறை பார்த்துவிட்டு, "சரி, உங்க வட்டத்தைப் போட்டுடலாம்" என்றார்.

13 நாட் வேகம். "ஹார்ட் எ ஸ்டார்போர்ட்." சுக்கான் முழுக்க வலப்பக்கம்.

முதலில் நடப்பது எதிர்த்திசை. சுக்கான் கப்பலின் பின்பகுதியைத்தான் தள்ளுகிறது. வலப்பக்கம் திரும்பச் சொன்னால் பின்பகுதி முதலில் இடப்பக்கம் வழுக்குகிறது. இந்தக் கப்பலில் பிரிட்ஜ் பின்னால் இருக்கிறது. ஆகவே அணியம் நகர்வது கண்ணில் படும் முன்பே காலுக்குக் கீழே தரை பக்கவாட்டில் போவதை உணர்ந்தேன். இத்தனை வருடம் சமன்பாட்டில் எழுதிய விஷயம், உள்ளங்காலில் தெரிந்தது இன்றுதான். முன்னே போகும் கப்பல் தன் நடுவில் சுழல்வதில்லை. முன்பக்கத்திலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீளத்தில் இருக்கும் ஒரு புள்ளியை வைத்துச் சுழல்கிறது. அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருக்கிற அத்தனையும், நானும் சேர்த்து, வெளிப்பக்கமாகத் துடைத்துக்கொண்டு போகிறோம்.

கேப்டன் முன்கண்ணாடிக்குக் கீழே இருந்த கம்பியில் இரண்டு கையையும் ஊன்றி நின்றார். "வரும்" என்றார். என்னிடம் சொன்னாரா கப்பலிடம் சொன்னாரா தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "வரும், வரும்."

வந்தது. 90 டிகிரி திரும்ப மூன்று நிமிடம். முழு வட்டத்துக்குப் பன்னிரண்டு. வட்டம் முடியும்போது வேகம் ஐந்து நாட்டுக்கு இறங்கியிருந்தது. எஞ்சின் அதே நிலையில்தான் இருந்தது, பக்கவாட்டில் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போனதே பிரேக் மாதிரி ஆகிவிட்டது. சர்வதேசக் கடல்சார் அமைப்பான ஐஎம்ஓவின் 2002-ம் ஆண்டுத் தீர்மானப்படி கப்பல் திரும்பும் வட்டத்தின் விட்டம் அதன் நீளத்தைப் போல ஐந்து மடங்குக்குள் இருக்க வேண்டும், 90 டிகிரி திரும்புவதற்குள் முன்னே போகும் தூரம் நாலரை மடங்குக்குள். இரண்டிலும் இது நன்றாகவே உள்ளே நிற்கிறது.

பிறகு ஜிக்ஜாக். சுக்கானைப் பத்து டிகிரி வலம், கப்பல் பத்து டிகிரி திரும்பியதும் பத்து டிகிரி இடம். சுக்கான் மறுபக்கம் போன பிறகும் கப்பல் பழைய பக்கமே சுழன்றுகொண்டிருந்தது. 13 டிகிரி கூடுதலாகப் போய்த்தான் நின்றது. இந்த அளவுக்கும் வேகத்துக்கும் 20 வரை அனுமதி உண்டு. எங்கள் கணக்கில் இதே சோதனை எட்டு டிகிரியில் நின்றுவிடுகிறது.

காரணம் எனக்குப் புரிந்தது. பல்க் கேரியரைக் கட்டி முடித்ததும் நடத்தும் சோதனை ஓட்டத்தில் சரக்கு இருக்காது. சரக்குக்குப் பதிலாக எடைக்கு நிரப்பும் பேலஸ்ட் தண்ணீரோடுதான் ஓட்டிப் பார்ப்பார்கள். நிறைந்த நிலைக்கான எண்களை அதிலிருந்து கணக்குப் போட்டு வரவழைப்பார்கள். நாங்கள் பொருத்தியது அந்த வரவழைத்த எண்களோடு. வட்டம் பொருந்தியது. ஒரு திருப்பத்தை நிறுத்த எவ்வளவு பாடுபட வேண்டும் என்பது பொருந்தவில்லை. அந்த மூத்த கேப்டனின் கை உணர்ந்தது இந்த ஐந்து டிகிரியை.

நாள் 5

இன்று முழுவதும் எஞ்சின் அறை. சீஃப் எஞ்சினியர் தமிழ் பேசுகிறவர். காதடைப்பானை மாட்டிவிட்டு, "தம்பி, மேலே லீவரை இழுத்தா கீழே என்ன நடக்கும்னு நினைக்கிறீங்க?" என்று ஆரம்பித்தார்.

இந்த வகை எஞ்சினுக்கும் புரொப்பல்லருக்கும் நடுவில் கியர் கிடையாது. எஞ்சின் சுற்றினால் புரொப்பல்லர் சுற்றும். பின்னோக்கிப் போக வேண்டுமென்றால் எஞ்சினை நிறுத்தி, எதிர்த்திசையில் மறுபடி கிளப்ப வேண்டும். கிளப்புவது அழுத்தமேற்றிய காற்று, 30 பார். ஆனால் கப்பல் வேகமாக முன்னே போய்க்கொண்டிருக்கும்போது எரிபொருளை நிறுத்தினாலும் புரொப்பல்லர் நிற்காது, ஓடும் தண்ணீர் அதைக் காற்றாடி மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றுகள் ஓரளவுக்கு இறங்கும்வரை எதிர்த்திசைக் காற்றை விட்டால் பயன் இல்லை, காற்றுதான் வீணாகும். "அந்த நேரத்துல மேலே இருக்கிறவர் லீவரை முன்னே பின்னே ஆட்டிக்கிட்டே இருந்தா, பாட்டில் காலி. அப்புறம் கப்பல் யார் பேச்சையும் கேட்காது."

காற்றுப் பாட்டில்களைக் காட்டினார். இடையில் நிரப்பாமல், முன்னும் பின்னுமாக 12 முறை எஞ்சினைக் கிளப்பக் காற்று இருக்க வேண்டும் என்பது, கப்பல்களைச் சோதித்துச் சான்று தரும் வகைப்பாட்டுச் சங்கங்களின் விதி. பன்னிரண்டும் உண்டு, அதற்கு மேல் உறுதி இல்லை.

எங்கள் சிமுலேட்டரின் பிரிட்ஜில் அந்தக் காற்று தீராது. எஞ்சின் அறைச் சிமுலேட்டரில் மிக நுணுக்கமாகக் கட்டியிருக்கிறோம், வால்வு வால்வாக. இரண்டையும் சேர்த்து ஓட்டாத நாட்களில் பிரிட்ஜுக்குக் கிடைப்பது சுருக்கிய எஞ்சின். லீவரை இழுத்தால் எட்டு விநாடியில் பின்னோக்கிச் சுற்றும். இதை எழுதியவன் நான்தான். பாடம் தடங்கலில்லாமல் ஓட வேண்டும் என்று யோசித்து எழுதினேன். இன்று அந்தப் பாட்டிலின் மீட்டரைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன்.

இன்னொன்றும் குறித்துக்கொண்டேன். டெட் ஸ்லோ என்கிற மிகக் குறைந்த வேகத்துக்குக் கீழே இந்த எஞ்சின் ஓடாது. அதைவிட மெதுவாகப் போக வேண்டுமென்றால் நிறுத்தித்தான் ஆக வேண்டும். நிறுத்தினால் சுக்கான்மேல் பாயும் தண்ணீர் குறைந்து அதன் பலமும் போய்விடும். மெதுவாகப் போவதா, கையில் பிடி இருப்பதா என்ற இந்த இழுபறிதான் துறைமுகத்துக்குள் ஒவ்வொரு கேப்டனும் படும் பாடு.

நாள் 6

இரவு 12 முதல் 4 வரை செகண்ட் ஆபீசரோடு. பிரிட்ஜுக்குள் வந்த முதல் பத்து நிமிடம் அவர் எனக்கு ஒரு குரல் மட்டும்தான். அரை மணி நேரம் கழித்துத்தான் அவர் முகமும், அடிவானக் கோடும், தளத்தின் விளிம்பும் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

எங்கள் திரையில் இந்த இருட்டு கிடையாது. புரொஜெக்டர் காட்டும் கறுப்பு உண்மையில் சாம்பல். பயிற்சி பெறுபவருக்கு உள்ளே வந்ததுமே எல்லாம் தெரிந்துவிடும். தூரத்து விளக்கும் அப்படித்தான். 50 மீட்டருக்கு மேற்பட்ட கப்பலின் மாஸ்ட் விளக்கு ஆறு மைலுக்குத் தெரிய வேண்டும், பக்க விளக்குகள் மூன்று மைலுக்கு. அந்தத் தூரத்தில் உண்மையான விளக்கு எங்கள் திரையின் ஒரு பிக்சலைவிடச் சிறியது. ஒரு பிக்சலை விடச் சிறிதாக நாங்கள் எதையும் வரைய முடியாது, வெளிச்சத்தைத்தான் குறைக்க முடியும். இன்று ஒரு கப்பல் எதிரே வந்தது. முதலில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஒரு வெள்ளைப் பொட்டு, பார்த்தால் மறைந்து, பக்கத்தில் பார்த்தால் தெரிந்தது. செகண்ட் ஆபீசர் அதை எனக்கு முன்பே பார்த்துவிட்டார். ரேடார் காட்டியும் அவர் கண்ணால் தேடினார்.

ராயல் மெஜஸ்டி என்ற பயணிகள் கப்பலைப் பற்றி அவரிடம் கேட்டேன். 1995 ஜூனில் அதன் ஜிபிஎஸ் ஆன்டெனாவின் கேபிள் கழன்றுபோனது. கருவி, கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து வேகத்தையும் திசையையும் மட்டும் வைத்துக் கணக்குப் போட ஆரம்பித்தது. திரையில் எல்லாம் ஒழுங்காகவே தெரிந்தது. ஒன்றரை நாளுக்குக் கொஞ்சம் குறைவாக அப்படியே ஓடி, அமெரிக்காவின் நான்டக்கெட் தீவு அருகே தரைதட்டியபோது, இருக்க வேண்டிய இடத்திலிருந்து 17 மைல் தள்ளி இருந்தது. "அதனாலதான் ஜன்னல்ல பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி வெளியே பார்த்தார்.

மாலுமிகளின் பயிற்சி, தகுதிச் சான்று பற்றிய எஸ்டிசிடபிள்யூ ஒப்பந்தம் சிமுலேட்டர்களுக்கு வைத்திருக்கும் விதிகளில் எனக்கு மிகவும் பிடித்த வரி, கருவிகளின் திறமையோடு அவற்றின் வரம்புகளும் நேரக்கூடிய பிழைகளும் சிமுலேட்டரில் இருக்க வேண்டும் என்பது. பிழையைச் சத்தமில்லாமல் நுழைக்கும் பொத்தான் பயிற்றுநரின் மேசையில் இருக்கிறது. ஆனால் எங்கள் ஜிபிஎஸ் பிழை வந்தால் உடனே அலாரம் கத்தும். கத்தாத பிழையும் ஒன்று வேண்டும்.

நாள் 7

காற்று ஏறிவிட்டது. நாலு மீட்டர் அலை. ரேடாரில் கப்பலைச் சுற்றி அலைகளின் எதிரொலி வெள்ளை மாவு மாதிரி அப்பிக்கொண்டது. அதைக் குறைத்தால் சிறிய படகும் சேர்ந்து மறைந்துவிடும். நிறையப் பதிவு செய்தேன். எழுத முடியவில்லை, வயிறு சரியில்லை.

நாள் 8

அலை அடங்கியது. கேப்டன் ஓய்வாக இருந்த நேரத்தில் வந்து உட்கார்ந்தார். பிரான்சில் கிரெனோபிள் அருகே உள்ள போர்ட் ரெவெலுக்கு அவர் போயிருக்கிறார். 1967 முதல் அங்கே ஏரியில் 25-ல் ஒரு பங்கு அளவுள்ள மாதிரிக் கப்பல்களில் ஆளே உட்கார்ந்து ஓட்டிப் பழகுகிறார்கள். தண்ணீர் உண்மை, காற்று உண்மை, கரை உண்மை. கணக்கு எழுத வேண்டிய வேலையே இல்லை. ஆனால் நேரம் அளவின் வர்க்கமூலப்படி சுருங்கும், 25-ன் வர்க்கமூலம் ஐந்து. அங்கே நேரம் ஐந்து மடங்கு வேகமாக ஓடும். நிஜக் கப்பலில் ஐந்து நிமிடத்தில் எடுக்கும் முடிவை அங்கே ஒரு நிமிடத்தில் எடுக்க வேண்டும். "தண்ணி என்ன செய்யும்னு அங்கே கத்துக்கிட்டேன். எவ்வளவு நேரம் காத்திருக்கணும்னு கத்துக்க முடியாது" என்றார்.

காத்திருப்பைச் சொல்லிக்கொடுக்கும் வேலை அப்படியானால் எங்களுடையது. அதில்தான் நான் விநாடிகளைத் திருடியிருக்கிறேன்.

மதியம் முழுவதும் தரவு. நாங்கள் பயன்படுத்துவது 1970-களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் வகுத்த எம்எம்ஜி முறை. கப்பலின் உடல், புரொப்பல்லர், சுக்கான் மூன்றையும் தனித்தனியாகக் கணக்கிட்டுச் சேர்ப்பது அது. ஆகவே ஒன்றைத் திருத்தினால் மற்றதைக் கலைக்க வேண்டியதில்லை.

நாள் 9

துறைமுகத்தை நெருங்குகிறோம். பைலட் ஏறுவதற்கு முன் எஞ்சினைப் பின்னோக்கிச் சோதித்தார்கள். வேகத்தை ஏற்கெனவே நன்றாகக் குறைத்திருந்தும், லீவரை இழுத்து புரொப்பல்லர் எதிர்த்திசையில் சுற்ற 41 விநாடி. என்னுடைய எட்டு விநாடியை நோட்டில் அதன் பக்கத்தில் எழுதினேன். அணியம் வலப்பக்கம் நழுவியது. வலம்சுழி புரொப்பல்லர் பின்னோக்கிச் சுற்றும்போது பின்பகுதியை இடப்பக்கம் இழுக்கும். இது எங்களிடம் சரியாக இருக்கிறது.

கால்வாய்க்குள் வந்ததும் ஒரு சத்தம். சார்ட் மேசையின் பள்ளத்தில் அந்தப் பென்சில் தடதடவென்று ஆடத் தொடங்கியது. ஒன்பது நாளாக அங்கேயே கிடந்தது, நடுக்கடலில் ஒரு முறையும் இப்படி ஆடவில்லை. கேப்டன் ஆழமானியைப் பார்க்கவே இல்லை. "கீழே தண்ணி குறையுது" என்றார் பைலட்டிடம். பைலட் தலையை ஆட்டிவிட்டு வேகத்தை ஒரு படி இறக்கினார். பென்சில் மெல்ல அடங்கியது.

ஆழம் குறைந்த இடத்தில் கப்பலுக்கு அடியில் தண்ணீர் நெருக்கிக்கொண்டு வேகமாக ஓடுகிறது, அழுத்தம் குறைகிறது, கப்பல் கீழே இறங்குகிறது. இதற்கு ஸ்குவாட் என்று பெயர். பாரஸ் என்ற ஆய்வாளர் தந்த எளிய சூத்திரத்தில் இந்தக் கப்பலுக்கு எட்டு நாட்டில் திறந்த நீரில் அரை மீட்டர் சொச்சம், குறுகிய கால்வாயில் அதைப்போல இரண்டு மடங்கு, ஒரு மீட்டருக்கு மேல். வேகத்தைப் பாதியாக்கினால் இறக்கம் கால் பங்காகிவிடும். 1992 ஆகஸ்டில் க்யூஇ2 பயணிகள் கப்பல் மாசசூசெட்ஸ் கரையோரம் பாறையில் தட்டியதில், வேகத்தில் கப்பல் எவ்வளவு இறங்கும் என்பதைக் குறைத்து மதிப்பிட்டதும் ஒரு காரணம்.

ஸ்குவாட் எங்களிடமும் இருக்கிறது. திரையில் ஒரு எண்ணாக இருக்கிறது. தரை அதிர்வதில்லை. இதுவரை பிரிட்ஜின் தரையை அதிர வைப்பதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன், பட்ஜெட் குறையும்போது முதலில் வெட்டுகிற செலவு அது. இந்தக் கேப்டனுக்கு அது ஒரு கருவி. மைக்ரோஃபோனைப் பென்சில் பக்கத்தில் வைத்து, கால்வாய் முடியும்வரை பதிவு செய்தேன்.

நாள் 10

இறங்கிவிட்டேன். கேப்டன் பென்சிலைக் கொடுத்தனுப்பினார்.

ஐந்து வாரம் கழித்து

சுக்கானுக்கு ஒரு பம்ப், இரண்டு பம்ப் என்று இரண்டு வேகம் வந்துவிட்டது. காற்றுப் பாட்டில் இப்போது பிரிட்ஜிலும் தீரும். எஞ்சின் எதிர்த்திசையில் சுற்றத் தொடங்க ஆகும் நேரம் கப்பலின் வேகத்தைப் பொறுத்து மாறுகிறது. ஜிக்ஜாக் 12.5 டிகிரியில் நிற்கிறது. அலாரம் கத்தாத ஜிபிஎஸ் பிழை பயிற்றுநரின் பட்டியலில் ஏறிவிட்டது. பாடத்தில் சுக்கான் பிடிக்க இனி தனி ஆள் உண்டு, இதற்காகப் பயிற்சி மையத்தோடு இரண்டு கூட்டம் நடத்த வேண்டியிருந்தது. தரைக்கு அடியில் நான்கு அதிர்வுக் கருவிகள் பொருத்தியாகிவிட்டது. பென்சிலை வைத்துத்தான் சரிபார்த்தோம்.

அந்த மூத்த கேப்டனை அழைத்திருந்தோம். ஒன்றரை மணி நேரம் ஓட்டினார். "நடுக்கடல்ல இது கப்பல். கால்வாய்ல இன்னும் சீக்கிரம் திரும்புது" என்றார். அவர் சொல்வது சரிதான். ஆழம் குறைந்த நீரில் வட்டம் பெரிதாக வேண்டும், எங்களுடையது போதுமான அளவு பெரிதாகவில்லை. அதற்கு என்னிடம் இருப்பது ஒரே ஒரு கால்வாயின் பதிவு, அதுவும் சரக்கு நிறைந்த நிலையில்.

கப்பலின் கேப்டனுக்கு எழுதிக் கேட்டேன். அடுத்த மாதம் சரக்கில்லாமல், பேலஸ்டில் அதே கால்வாய் வழியாக வெளியே வருகிறார்களாம். வரச் சொல்லியிருக்கிறார். இந்த முறை ஜிபிஎஸ் மூன்று எடுத்துக்கொண்டு போகிறேன்.